வட்டக் கையெழுத்தில் விழுந்த முத்திரை

ஓய்வு பெற்று ஐந்து மாதம் முடியவில்லை. அலுவலகத்திலிருந்து இந்த வாரம் மட்டும் நாலாவது அழைப்பு.

"சேர், தர்ஷினி பேசுறேங்க. அந்த வட்டப் பேப்பர் இருக்குதுங்களே, அத ஸ்கேன் மெஷின்ல எந்தப் பக்கமா வைக்கிறதுங்க?"

"எப்படி வேணும்னாலும் வைங்க."

"வச்சேங்க. மேல் பக்கம் எதுன்னு மெஷின் கேக்குது. அமுக்கலன்னா அடுத்த பேப்பருக்குப் போகவே மாட்டேங்குது."

"அந்தப் பேப்பருக்கு மேல் பக்கமே கிடையாதும்மா."

"அப்படி ஒரு பட்டன் இல்லீங்களே சேர்."

இல்லைதான். ஒரு காலத்திலும் இருந்ததில்லை. வெள்ளைக்காரனிடம் இல்லை, எங்கள் அலுவலகத்திடம் இல்லை, கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் இல்லை, இப்போது இந்த இயந்திரத்திலும் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. தர்ஷினி என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளை, கெட்டிக்காரி. அவளிடம் தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை இது. அதனால் எழுதுகிறேன். இனி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

மாத்தளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் ஆவண அறையில் முப்பத்துமூன்று வருஷம் இருந்தேன். வேலை கற்ற காலத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தூசி, தும்மல், துணி நாடா. கையைக் கழுவிவிட்டுத் தாளைத் தொடு. முடிச்சைக் கத்தியால் வெட்டாதே, நகத்தால் அவிழ். எடுத்த தாளை எடுத்த இடத்திலேயே வை. உக்குவளையில் ரயில் ஏறி மாத்தளையில் இறங்குவேன். சட்டையில் காலையில் சாதிக்காய் மணம் இருக்கும், மாலையில் பழைய கடதாசியின் புளிப்பு இருக்கும். வேறொன்றும் மாறாது.

எனக்கு மேலதிகாரி சிவகுருநாதர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனை, இரண்டு பென்சில். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை 'நீர்' என்பார். கோபம் வந்தால் 'நீங்கள்' என்பார். மரியாதை கூடக்கூட நான் என் பிழையைத் தேடத் தொடங்குவேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு கட்டளை வந்தது: பழைய கோப்புகளின் எல்லாத் தாள்களுக்கும் எண் போட வேண்டும். அதற்கென்று ஓர் இரும்பு முத்திரை கொடுத்தார்கள். ஒரு தரம் அழுத்தினால் எண் பதியும், உள்ளே சக்கரம் உருண்டு அடுத்த எண் தானாக வந்து நிற்கும். விதி ஒன்றுதான், வலது மேல் மூலை. டக், டக், டக். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போனது. ஐயா ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார்: "வாசிக்காமல் ஒரு தாளிலையும் குத்தாதையும். தாள் எப்பிடி இருக்கெண்டு முதல் பாரும்."

நான் பார்க்கவில்லை. கை ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தாள் அப்படித்தான் என் கைக்கு வந்தது. அது என்ன தாள் என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

துருக்கிக் கலீபாவுக்காக இந்தியாவில் முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்து, இந்துக்களும் அவர்களோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற காலம் ஒன்று உண்டு. கிலாபத் இயக்கம் என்பார்கள். கடல் கடந்து அதன் செய்தி இந்த மலைக்கும் வந்தது. உக்குவளையில் துணிக்கடை வைத்திருந்த கலந்தர் லெப்பை என்பவர், அங்கிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகைகளைக் கடையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாராம். துணி எடுக்க வந்த தோட்டத்துக் கங்காணிகள் நின்று கேட்டார்கள். மாட்டு வண்டியில் சாமான் இறக்க வந்த சிங்களக் கரத்தைக்காரர்களும் கேட்டார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்த சிங்கள–முஸ்லிம் கலவரத்தில் லெப்பையின் கடை எரிந்திருந்தது. கரிபிடித்த அதே சுவருக்குள்தான் அவர் வாசித்தார். அதே ஊர்க்காரர்கள்தான் கேட்டார்கள். யார் முதலில் வெட்கப்பட்டார்கள், யார் முதலில் மன்னித்தார்கள் என்று கோப்பில் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் ஓர் எண் குத்தியிருப்பேன்.

கவர்னர் துரை இந்தப் பக்கம் பவனி வருவதாக அறிவித்தார்கள். கரத்தையும் மாடும் ஆளும் ஊர் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுக்க மாட்டோம் என்று இருபத்திரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். சீமைத் துணியும் விற்க மாட்டோம், உடுத்த மாட்டோம் என்றும் சேர்த்தார்கள்.

எழுதிய விதம்தான் விஷயம். சதுரத் தாளின் நடுவில் ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வட்டம் இழுத்திருக்கிறார்கள். வட்டத்துக்குள் வாசகம், நத்தை ஓடுபோல் சுருண்டு, தமிழில் ஒரு சுற்று, சிங்களத்தில் ஒரு சுற்று. வட்டத்துக்கு வெளியே, கரத்தைச் சில்லின் இரும்புப் பட்டைபோல் சுற்றிவரப் பெயர்கள். தமிழில் சில, சிங்களத்தில் சில, அரபெழுத்தில் எழுதிய தமிழில் சில, பெருவிரல் ரேகைகள் சில. யார் முதலில் போட்டார், யார் கடைசி என்று எவனாலும் சொல்ல முடியாது. முதல் ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. முதல் ஆளே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

விசாரணை நடந்தது. இருபத்திரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, 'முதலில் போட்டது யார்?' என்று கேட்டிருக்கிறார்கள். வாக்குமூலங்கள் கோப்பில் இருக்கின்றன. இருபத்திரண்டு பேரும் சொன்னது ஒரே பதில்: எனக்கு வலப்பக்கத்தில் இருப்பவர் எனக்கு முன்பே போட்டிருந்தார். லெப்பை பக்கத்துக் கரத்தைக்காரரைக் காட்டினார். கரத்தைக்காரர் பக்கத்துக் கங்காணியைக் காட்டினார். அப்படியே காட்டிக்கொண்டு போய்க் கடைசியில் லெப்பையிடமே வந்து நின்றது. விசாரித்த துரை வாக்குமூலங்களின் ஓரத்தில் சிவப்பு மையால் மூன்று தடவை கேட்டிருக்கிறார், தலைவன் யார் என்று. மூன்றாம் தடவை கோடிட்டபோது பேனை முனை தாளைக் கிழித்திருக்கிறது. அந்தக் கிழிசலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

ஆனால் அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. என் கையில் ஒரு தாள், எது வலது மேல் மூலை என்று தெரியவில்லை. சுற்றிச் சுற்றித் திருப்பினேன். 'கறுப்பையா கங்காணி' என்று தமிழில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர் நிமிர்ந்தது. எனக்கு வாசிக்க முடிந்தது. ஆகவே அதுதான் மேல் பக்கம். டக்.

மறுநாள் ஐயா பார்த்தார். அவர் தாளைத் திருப்பவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார். நடந்தபடியே ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒரு முழுச் சுற்று. முத்திரைக்கு நேரே வந்ததும் நின்றார்.

"இது ஆர் குத்தினது?"

"நான்தாங்க ஐயா."

"இதுதான் மேலெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

நீங்கள் வந்துவிட்டது. "அந்தப் பேரு நேரா தெரிஞ்சிச்சுங்க ஐயா. மத்ததெல்லாம் வாசிக்க வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளைக்காரன் இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரிச்சும் ஏலாமல் போன வேலை. நீங்கள் ஒரு தட்டிலை செய்து முடிச்சுப் போட்டியள்."

அழிக்க முடியாத மை. அழிக்கவும் கூடாது, அழித்தால் அது இன்னொரு குற்றம். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "ஒரு குறிப்பு எழுதும்" என்றார். 'நீர்' திரும்பி வந்ததில் எனக்கு உயிர் வந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: இத்தாளுக்கு மேல், கீழ் இல்லை. முத்திரையின் திசை எழுதுநரின் பிழை. ஆவணத்தின் பொருள் அன்று. கையொப்பம், திகதி. "இந்தத் தாளுக்குப் பின்னாலை வைச்சுக் கட்டும். நாளைக்கு ஒருத்தன் வந்து பாத்தால் விளங்க வேணும்."

நான் கட்டவில்லை.

எழுதுநர், அதாவது கிளார்க், நான்தான். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. தோட்டத்திலிருந்து படித்து அரசாங்க வேலைக்கு வந்த பையன். 'எழுதுநரின் பிழை' என்று என் கையாலேயே எழுதி ஒரு கோப்பில் கட்டினால், யாராவது எடுத்துக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். மேசை லாச்சியை இழுத்து, குறிப்பை உள்ளே போட்டு மூடினேன். ஒரு வாரம் கழித்து ஐயா, "கட்டினீரோ?" என்றார். "கட்டிட்டேங்க ஐயா." அவர் போய்ப் பார்க்கவில்லை. என்னை நம்பினார். அடுத்த வருஷம் இடமாற்றம் பெற்று வடக்கே போனார். திரும்ப நான் அவரைக் காணவேயில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருக்கும். ஒரு காலையில் வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம், கையில் குடையோடு ஒரு பெரியவர் வந்தார்.

"மவன், எங்கட மூத்தவாப்பாட பேரு ஈக்கிற கடதாசி ஒண்டு இங்க ஈக்காம். கலந்தர் லெப்பை."

கலந்தர் லெப்பையின் பேரன் அவர். உக்குவளையிலிருந்து வந்திருந்தார். கோப்பை எடுத்து வைத்தேன். விதிப்படி வைத்தேன், எண் வலது மேல் மூலையில் வரும்படி. வாக்குமூலங்களோடு ஒப்பிட்டு லெப்பையின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினேன். அரபெழுத்து. அடியில் இருந்தது.

பெரியவர் குனிந்து, கழுத்தைத் திருப்பி, ஏறக்குறைய மேசையில் கன்னம் படும்படி வளைந்து வாசித்தார்.

"தலகீழாவா ஈக்கி?"

"ஆமாங்க."

"அப்ப மேல ஈக்கிறது ஆரு?"

"கறுப்பையா கங்காணின்னு ஒருத்தருங்க."

"அவருதான் பெரியாளா? மூத்தவாப்பா கடைசியா?"

அங்கே நான் தாளைத் திருப்பியிருக்கலாம். அரைச் சுற்று. விரல் நுனியால் முடிகிற வேலை. அல்லது அவரை மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கச் சொல்லியிருக்கலாம். என் முழங்காலுக்கு நேரே லாச்சி, லாச்சிக்குள் குறிப்பு. நான் சொன்னது இது: "ஃபைல்ல அப்படித்தாங்க இருக்கு."

அவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எங்க ஊட்டுல மூத்தவாப்பாதான் முன்னுக்கு நிண்டாருண்டு சொல்லுவாங்க, மவன். பொய் போல ஈக்கி." எனக்கு நன்றி வேறு சொன்னார். வெயிலில் குடையை விரிக்காமலேயே நடந்து போனார்.

அன்று மாலை குறிப்பை லாச்சியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சான்றிதழ்களுக்கு இடையில் வைத்தேன். எதற்கு அங்கே வைத்தேன் என்று கேட்காதீர்கள். கண்ணில் படாமல் இருக்க. ஆனால் ஒவ்வொரு முறை சான்றிதழ் எடுக்கும்போதும் முதலில் அதுதான் கையில் வந்தது.

வருஷங்கள் ஓடின. அலுமாரிகள் மாறின, அதிகாரிகள் மாறினார்கள், கோவில் தேர் மாத்தளைத் தெருவில் எத்தனையோ தடவை வந்து திரும்பியது. பிறகு நாடு கெட்டது. முஸ்லிம் கடைக்குப் போகாதே என்று சுவரில் ஒட்டினார்கள். அந்தப் பெரியவரின் மகன் சாஹுல் நானா, கண்டி வீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். இருபது வருஷமாக அவரிடம் ஆணி வாங்கிய ஒரு மனுஷன், ஒரு நாள் கடை வாசலில் நின்று கேட்டானாம்: வெள்ளைக்காரன் இருந்தப்ப நீங்க எல்லாம் இந்த நாட்டுக்கு என்ன செஞ்சீங்க, துணி அளந்ததைத் தவிர? நானாவிடம் பதிலாக வீட்டில் சொல்லப்பட்ட ஒரு கதை இருந்தது. ஆனால் அது பொய் என்று அவருடைய வாப்பாவே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம், அந்நியர் ஆட்சியை எதிர்த்த எங்கள் பகுதி மக்களைப் பற்றி ஒரு கண்காட்சி என்று அறிவித்தார்கள். வட்டத்தாளை வைக்கலாம் என்று நான்தான் எழுதிப் போட்டேன். என் வினை. உடனே ஒரு குழு அமைந்தது. தலைவர் உதவிப் பணிப்பாளர் மிஸ், சிங்களப் பெண், நல்லவர், அவசரக்காரர். தோட்டத் தமிழர் பக்கம் முத்துவேல், தொழிற்சங்கக்காரர். சிங்களவர் பக்கம் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ரத்னாயக்க மாத்தயா, தமிழ் நன்றாகப் பேசுவார். முஸ்லிம்கள் பக்கம் சாஹுல் நானா. நான் குழுவில் இல்லை. கோப்பைக் கொண்டுவருபவன், அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்பவன்.

கொழும்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு காட்சிப்பொருளுக்கும் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: தலைமை தாங்கியவர் பெயர். ஒரே ஒரு கட்டம். ஒரு பெயருக்கு மேல் எழுத இடமில்லை. வெறுமையாக விட்டால் ஏற்க மாட்டார்கள்.

முதல் கூட்டம் சுவரைப் பற்றியது. சுவரில் மாட்டினால் ஏதாவது ஒரு பெயர் மேலே வந்தே தீரும்.

"நம்பர் எந்தப் பக்கம் அடிச்சிருக்கு?" என்றார் முத்துவேல். "கங்காணி பேருக்கு மேல. கவர்மெண்டே சொல்லியிருக்கு. இதுல பேச என்ன இருக்குங்கறேன்?"

"கரத்தை ஆருடையது?" என்றார் ரத்னாயக்க மாத்தயா. "கரத்தை குடுக்க மாட்டோம் எண்டு கரத்தை இல்லாத ஆள் சொல்லி என்ன பிரயோசனம்?"

"கடதாசி எங்கட கடயில எழுதினது, மாத்தயா," என்றார் நானா, மெதுவாக.

"எழுதின எடம் பெருசா, எழுதின ஆள் பெருசா?" என்றார் முத்துவேல்.

நான் வாய் திறந்து, சுவர் வேண்டாம், மேசையில் படுக்கவைத்துக் கண்ணாடி போடலாம் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஐந்து நிமிஷம் நிம்மதி. பிறகு மேசை எங்கே என்று கேட்டார்கள். மண்டபத்துக்கு ஒரே வாசல். உள்ளே வருபவருக்கு எந்தப் பெயர் நேராகத் தெரியும்? அதற்கு ஒரு கூட்டம்! தேநீர், பிஸ்கட், மீண்டும் ஒரு தேநீர். மண்டபத்தின் நடுவில் வைத்தாலும் வாசல் வாசல்தானே என்றார் முத்துவேல். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஒரு வட்டத்துக்கு முன்னால் மூன்று படித்த மனிதர்கள் உட்கார்ந்து மூலை தேடிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு மைத் துரை மட்டும்தான் குறை. அவரும் உயிரோடு இருந்திருந்தால் குழுவில் போட்டிருப்பார்கள்.

கத்துகிற யோக்கியதை எனக்கு ஏது? மூலையை வைத்துக் கொடுத்தவனே நான். இரண்டு கூட்டங்களுக்கும் அந்தக் குறிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன், எடுக்காமல் திரும்பினேன்.

மூன்றாவது கூட்டம். படிவம் அனுப்பக் கடைசி நாள். மிஸ் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்துவேல் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒங்களுக்குத்தான் ஃபைல் தெரியும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, முடிச்சிருவோம். நம்பர் அடிச்ச பக்கந்தானே மேல்?"

"ஆமாம் என்றால் கங்காணி பெயரை எழுதிவிடுகிறேன்," என்றார் மிஸ் சிங்களத்தில். "எனக்கு இன்னும் பதினோரு படிவம் இருக்கிறது."

நானா மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "எழுதுங்க மிஸ். எங்கட வாப்பாக்கும் இங்கின ஒரு பொடியன் அப்படித்தான் சொன்னானாம். ஃபைல்ல அப்படித்தான் ஈக்கிண்டு."

குறிப்பை எடுத்தேன். மடிப்பில் மஞ்சளாகியிருந்தது. ஒரு தரம் தமிழில் வாசித்தேன், ஒரு தரம் சிங்களத்தில் சொன்னேன். இத்தாளுக்கு மேல், கீழ் இல்லை. முத்திரையின் திசை எழுதுநரின் பிழை. "எழுதுநர் நான்தாங்க," என்றேன். "எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச பேர மேல வச்சு அடிச்சிட்டேன். இத அப்பவே கட்டியிருக்கணும். கட்டல."

முத்துவேல்தான் முதலில் பேசினார். "நல்லாருக்கு தம்பி. நம்ம சனத்துக்குன்னு ஒரு பேரு மேல இருந்திச்சு. அதையும் நம்ம ஆளே எறக்கி வச்சிட்டீங்க. சந்தோசமா?"

நான் நானாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொடியன் நீங்களா?"

"ஆமாங்க நானா."

"வாப்பா ஊட்டுக்கு வந்து, இனி ஒருத்தரும் அந்தக் கதயப் பேசக்கூடாண்டு சொல்லிட்டார். மௌத்தாகுற வரைக்கும் பேசல்ல. பொய்ய மவனுக்கும் குடுக்கப்போறயா எண்டு எங்கிட்டக் கேட்டார்." வட்டத்தாளை விரலால் காட்டினார். "ஒரு தரம் திருப்பிக் காட்டீந்தா போதுமே, தம்பி."

குறிப்பை மேசையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. அப்படியானால் லெப்பை பெயரை எழுதுகிறேன். அவர் கடை, அவர் வாசித்த பத்திரிகை. நியாயம்தானே?" பேனை கட்டத்தின் மேல் நின்றது.

இருபது வருஷ வாடிக்கைக்காரனுக்குச் சொல்ல வேண்டிய பதில், வாப்பா பொய்யென்று மூடிவைத்த கதை, இரண்டும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கும். நானா தலையாட்டினால் போதும். அவர் கோப்பிலிருந்த வாக்குமூலத் தாள்களைப் புரட்டினார். முதல் இரண்டு கூட்டங்களிலும் மற்றவர்கள் சண்டை போட்டபோது அவர் அந்த வாக்குமூலங்களைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்," என்றார். "எனக்கு வலப்பக்கம் உக்காந்தீக்கிறவர் எனக்கு முந்தியே போட்டுட்டார்."

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, துரைக்கு இருபத்திரண்டு பேரும் சொன்ன பதில். நானாவுக்கு வலப்பக்கத்தில் முத்துவேல். அவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். அது ஊறி உள்ளேயே விழுந்துவிட்டது. "சனியன்," என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல்: "எனக்கு வலப்பக்கம் மாத்தயா."

ரத்னாயக்க மாத்தயா சிரிக்கத் தொடங்கியிருந்தார். வயிறு குலுங்கியது. "எனக்கு வலப்பக்கம் கதிரை காலி," என்று சொல்லி என்னைப் பார்த்தார். "வந்து உக்காருமேன், ஐசே. எத்தனை வருஷம் நிப்பீர்?"

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மேசையில் நான் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். எனக்கு வலப்பக்கத்தில் மிஸ். கை காட்டினேன்.

மிஸ் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னையும் இதற்குள் இழுத்துவிட்டீர்களா?" என்றார். அவருக்கு வலப்பக்கத்தில் நானா. பேனையை மூடினார். கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

படிவம் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. பூரணப்படுத்தப்படவில்லை. கண்காட்சியில் வட்டத்தாள் இல்லை. அந்த இடத்தில் ஒரு பூச்சாடி வைத்தார்கள். கோப்புக்குரிய ஒரு குறிப்பை இத்தனை வருஷம் வீட்டில் வைத்திருந்தது ஏன் என்று எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பயத்தால், என்று ஒரு சொல்லில் பதில் எழுதினேன். போதாது, விரிவாக எழுதுக என்று இன்னொரு கடிதம் வந்தது. விரிவாக எழுதினேன். அந்தக் குறிப்பு இப்போது கோப்பில் இருக்கிறது, தாளுக்குப் பின்னால். நாடாவை நான்தான் கட்டினேன். இரட்டை முடிச்சு.

நானா ஒரு பிரதி கேட்டார். பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர் கடையில் தகரம் வெட்டும் கத்தரியால் அதை வட்டமாக வெட்டி, வட்டப் பலகையில் ஒட்டி, மேலே கண்ணாடி போட்டு, அடியில் ஒரு பெயாரிங் வைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டார். விரலால் தட்டினால் சுழலும். வெட்டியதில் நான் குத்திய எண்ணும் போய்விட்டது.

தர்ஷினி, உங்கள் மெஷினுக்குப் பதில் இதுதான். முதலில் என் குறிப்பை ஸ்கேன் பண்ணுங்கள். பிறகு எந்தப் பக்கம் என்று உங்களுக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். அவர் அவருக்கு வலப்பக்கத்தில் இருப்பவரைக் கேட்கட்டும். மெஷின் காத்திருக்கட்டும். அதற்கென்ன அவசரம்?

போன வாரம் ஆணி வாங்கப் போனேன். கடையில் ஒரு மனிதர், சாரத்தை மடித்துக் கட்டியவர், பலகையை மெல்ல மெல்லச் சுழற்றி ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர் ஆள் ஒருத்தர் இருக்கிறாராமே," என்று சிங்களத்தில் நானாவிடம் கேட்டார். "இன்னும் கொஞ்சம் திருப்புங்க, வருவார்," என்றார் நானா, தராசில் ஆணியை நிறுத்துக்கொண்டே. திருப்பினார். வழியில் கலந்தர் லெப்பையும் கறுப்பையா கங்காணியும் நிமிர்ந்து, சாய்ந்து, போனார்கள். அவர் போனதும், "ஆரு தெரியுமா?" என்றார் நானா. "துணி அளந்தீங்கண்டு கேட்ட ஆளு. இப்ப மூணாந்தரம் வாறார். முப்பாட்டன் பேரு இதுல ஈக்கிண்டு ஆரோ சொல்லீக்கி."

"நீங்க ஒண்ணும் சொல்லலயா நானா?"

"நான் ஏன் சொல்ற? அவரே சுத்திட்டுப் போறாரே."

ஆணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். பிறகு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, கலந்தர் லெப்பையின் பெயர் நேராக நிமிரும்வரை அரைச் சுற்றுத் திருப்பினேன். நானா பார்த்துவிட்டுத் தராசைத் துடைத்தார். கடையை விட்டு இறங்கிப் பத்தடி வருவதற்குள் பின்னால் பெயாரிங் உருளும் சத்தம் கேட்டது. அடுத்த ஆள் வந்துவிட்டார்.